அந்த முள்கரண்டி எந்த மேஜையில் இருந்தது? பழைய ஹோட்டல் ‘வெள்ளி’ச் சாமான்களின் பூர்வீகம்

கேள்வி இதுதான். திருச்சியில் ஒரு பழைய சாமான் கடையில் முள்கரண்டி ஒன்று வாங்கியிருக்கிறீர்கள். காம்பின் முன்பக்கத்தில் எஸ், ஆர் என்று இரண்டு ஆங்கில எழுத்து. பின்பக்கத்தில் ஒரு சின்னக் கொடி, அதற்குள் டபிள்யூ அண்ட் எச், பக்கத்தில் ஈ.பி.என்.எஸ்., ஏ1. கூடவே சிகாகோவிலிருந்து அண்ணன் கொண்டுவந்த குட்டிக் காபி ஜாடி. அதன் அடியில் இன்டர்நேஷனல் சில்வர் கம்பெனி, ‘சில்வர் சால்டர்டு’, 10 அவுன்ஸ் என்று இருக்கிறது. இவை வெள்ளிதானா, எந்த ஹோட்டலைச் சேர்ந்தவை, எவ்வளவு பழசு என்று கேட்கிறீர்கள்.

முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடலாம். இரண்டுமே வெள்ளி இல்லை, வெள்ளி முலாம். உருக்கினால் ஒன்றும் தேறாது. இந்தச் சாமான்களின் மதிப்பு முழுக்க அவை யாருடைய மேஜையில் இருந்தன என்பதில்தான் இருக்கிறது. அதனால்தான் பூர்வீகம் தேடும் இந்த வேலையை நான் இத்தனை வருஷமாக விடாமல் செய்துகொண்டிருக்கிறேன்.

ஈ.பி.என்.எஸ். என்றால் நிக்கல் சில்வர் மேல் மின்முலாம். நிக்கல் சில்வர் வேறொன்றுமில்லை, நம் வீடுகளில் குங்குமச் சிமிழாகவும் தாம்பூலத் தட்டாகவும் இருக்கிற அதே ஜெர்மன் சில்வர்தான். செம்பு பாதிக்கு மேல், மீதி நிக்கலும் துத்தநாகமும். பெயரில் இருக்கிற வெள்ளி உள்ளே இருக்காது. 1840-இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் இருந்த எல்கிங்டன் நிறுவனம் மின்முலாம் பூசும் முறைக்குக் காப்புரிமை பெற்றது. அதற்கு முன் ஷெஃபீல்டில் செம்புத் தகட்டின் மேல் வெள்ளித் தகட்டை வைத்து, சூடாக்கி, ஒட்டவைத்துச் செய்துகொண்டிருந்தார்கள். அது கைவேலை, விலையும் அதிகம். மின்முலாம் வந்த பிறகுதான் ஆயிரக்கணக்கில் கரண்டியும் டீ ஜாடியும் செய்து ஹோட்டல், கிளப், கப்பல், ரயில் என்று எல்லா இடத்துக்கும் அனுப்ப முடிந்தது. ஹோட்டல்காரர்கள் இதை அழகுக்காக மட்டும் வாங்கவில்லை. பீங்கான் மாதிரி உடையாது, முலாம் தேய்ந்தால் திரும்பப் பூசிக்கொள்ளலாம். ஒரே ஜாடி இரண்டு மூன்று முறை முலாம் போட்டுக்கொண்டு பல வருஷம் உழைத்திருக்கும்.

ஏ1 என்பது முலாமின் தரத்துக்குச் செய்தவரே போட்டுக்கொண்ட மதிப்பெண். எல்லாருக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது. ஐரோப்பாவில் இதை எண்ணாகவே அடிப்பார்கள். பிரான்சின் கிறிஸ்டோஃபிள் சாமானில் 84 என்றும் ஜெர்மனியின் டபிள்யூ.எம்.எஃப். சாமானில் 90 என்றும் பார்க்கலாம். ஒரு டஜன் மேஜைக் கரண்டி, ஒரு டஜன் முள்கரண்டி, ஆக இருபத்து நான்குக்கும் சேர்த்துப் பூசிய வெள்ளி இத்தனை கிராம் என்பது அதன் பொருள். இந்த 90-ஐக் காட்டி ‘தொண்ணூறு சதவீத வெள்ளி’ என்று விற்கிறார்கள். தெரிந்தே சொல்கிறவர்களும் உண்டு, உண்மையாகவே அப்படி நம்புகிறவர்களும் உண்டு. ஒரு கரண்டிக்கு நாலு கிராம்கூட வராது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் கண்ணை ஏமாற்றும். ஈ, பி, என், எஸ் என்ற நாலு எழுத்தையும் தனித்தனிக் கேடயத்துக்குள், பழைய கோதிக் எழுத்தில், வரிசையாக அடித்திருப்பார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் அசல் வெள்ளிக்கு ஆங்கிலேயர் அடிக்கும் ஹால்மார்க் போலவே தெரியும். அசலில் பெரும்பாலும் நடக்கும் சிங்கம் இருக்கும். கூடவே சோதித்த ஊரின் சின்னம் வரும்: பர்மிங்காமுக்கு நங்கூரம், லண்டனுக்குச் சிறுத்தை முகம், ஷெஃபீல்டுக்கு 1974 வரை கிரீடம். சிங்கம் இல்லாததை ஆங்கில வெள்ளி என்று சொல்லி யாராவது விற்றால் உடனே நம்பிவிடாதீர்கள்.

இப்போது பூர்வீகத்துக்கு வருவோம். ஒரு ஹோட்டல் சாமானில் மூன்று பேருடைய அடையாளம் இருக்கலாம். செய்தவர் ஒருவர், கடையில் வைத்து விற்றவர் ஒருவர், வாங்கி மேஜையில் போட்டவர் ஒருவர். புதிதாகச் சேர்க்கிறவர்கள் முதல் அடையாளத்தைப் படித்ததும் வேலை முடிந்ததாக நினைத்துவிடுகிறார்கள். ‘வாக்கர் அண்ட் ஹால், ஷெஃபீல்டு, கண்டுபிடித்துவிட்டேன்’ என்று. அது சாமான் பிறந்த ஊர் மட்டும்தான். வாழ்ந்த ஊர் வேறு.

உங்கள் கொடி முத்திரை வாக்கர் அண்ட் ஹாலுடையது என்பதில் சந்தேகமில்லை. 1845-இல் தொடங்கிய ஷெஃபீல்டு நிறுவனம். கொடிக்குள் எழுத்து அவர்கள் அடையாளம். அதே ஊரின் ஜேம்ஸ் டிக்சன் நிறுவனத்துக்கு ஊதுகொம்பு. மாப்பின் அண்ட் வெப் தன் முலாம் வகைக்கு ‘பிரின்சஸ் பிளேட்’ என்று பெயர் வைத்து அதையே அடித்தது. எல்கிங்டன் தன் பெயரோடு வருஷத்துக்கு ஓர் எழுத்தும் அடித்தது. ஆனால் அகர வரிசை முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்கியதால், எழுத்தை மட்டும் வைத்து வருஷம் சொன்னால் இருபது, முப்பது வருஷம் தவறிவிடும். எழுத்தைச் சுற்றிய கேடயத்தின் வடிவத்தையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். இவர்கள் எல்லாரும் உலகம் முழுக்க விற்றவர்கள். காம்பின் வடிவமும் உதவாது. ஃபிடில், ஓல்டு இங்கிலீஷ், கிங்ஸ் என்ற மாதிரிகளை எல்லா நிறுவனங்களும் செய்தன.

காலத்தைக் கணிக்க வேறு தடயங்கள் உண்டு. ‘ஆர்.டி. நம்பர்’ என்று ஓர் எண் இருந்தால் அது வடிவமைப்பைப் பதிவு செய்த எண். 1884-இல் ஒன்றிலிருந்து தொடங்கி, 1900 வாக்கில் மூன்றரை லட்சத்தையும் 1910 வாக்கில் ஐந்தரை லட்சத்தையும் தொட்டது. வடிவம் பதிவான வருஷத்தைத்தான் அது சொல்லும், அந்தச் சாமான் செய்த வருஷத்தை அல்ல; அதற்கு முன்னால் செய்ததில்லை என்று மட்டும் உறுதி. 1884-க்கு முன்னால் எண்ணுக்குப் பதில் வைர வடிவ முத்திரை. ‘இங்கிலாந்து’ என்று நாட்டின் பெயர் இருந்தால் பெரும்பாலும், 1890-இல் அமெரிக்கா கொண்டுவந்த மெக்கின்லி சுங்கச் சட்டத்துக்குப் பிந்தியது. இறக்குமதிப் பொருளில் நாட்டுப் பெயர் இருக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். ஒரே செட்டில் கத்தியும் கிடைத்தால் விடாதீர்கள். அலகில் ‘ஸ்டெயின்லெஸ்’ என்ற சொல் இருந்தால் அது 1913-க்கு முந்தியதாக இருக்கவே முடியாது. ஹாரி பிரேர்லி ஷெஃபீல்டில் துருப்பிடிக்காத எஃகை உருக்கியது அந்த வருஷம்தான்.

விற்றவர் பெயர் நமக்கு மிகவும் பயன்படும். சாமான் எந்த ஊர்ச் சந்தைக்கு வந்தது என்பதை அதுதான் சொல்லும். 1849-இல் தொடங்கி, மவுண்ட் ரோட்டில் கடை வைத்திருந்த, பீட்டர் ஆர் என்பவரின் பி. ஆர் அண்ட் சன்ஸ் கடிகாரமும் நகையும் வெள்ளியும் விற்றவர்கள். அவர்கள் பெயரும் ‘மெட்ராஸ்’ என்ற சொல்லும் அடியில் இருந்தால் அந்தச் சாமான் கப்பலில் நம் ஊருக்கு வந்து இங்கே கை மாறியது என்று அர்த்தம். ‘ஆர்மி அண்ட் நேவி’ என்றிருந்தால் அதிகாரிகளுக்கும் பட்டாளத்துக்கும் விற்ற கூட்டுறவு அங்காடி. பம்பாயிலும் கல்கத்தாவிலும் அவர்களுக்குக் கிளை இருந்தது.

உரிமையாளரின் அடையாளம்தான் கடினமானது, எனக்கு மிகவும் பிடித்ததும் அதுவே. முழுப் பெயர் இருந்தால் பிரச்சினையே இல்லை. லண்டனில் 1894-இல் முதல் டீக்கடையைத் திறந்து ஊர் முழுக்கப் பரவிய லயன்ஸ் நிறுவனம் தன் பெயரையே கரண்டியில் அடித்தது. தொல்லை தருபவை சுருக்கெழுத்துகள். சி.ஜி.ஆர். என்று ஒரு சூப் கரண்டி கிடைத்தால் ‘இலங்கை அரசாங்க ரயில்’ என்று தமிழ் வாசகர்களுக்கு உடனே தோன்றும். தென்னாப்பிரிக்காவின் கேப் அரசாங்க ரயிலுக்கும் அதே மூன்றெழுத்துதான். பி.ஆர். என்றால் பர்மா ரயிலா, 1948-இல் தேசியமான பிரிட்டிஷ் ரயிலா? எஃப்.எம்.எஸ்.ஆர். மட்டும் குழப்பாது, அது மலாய்க் கூட்டு மாநில ரயில். பினாங்கு, ஈப்போ பக்கம் வேலை பார்த்துத் திரும்பியவர்களின் வீட்டுப் பெட்டிகளிலிருந்து இப்படி ஏதாவது வந்தால் ஆச்சரியப்படாதீர்கள். மெட்ராஸ், நாகப்பட்டினம் துறைமுகங்களிலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போய்வந்த ரஜுலா கப்பலை நடத்திய பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் பி.ஐ. எழுத்துகளும் அப்படித்தான்.

இந்திய ரயில்களில் இன்னொரு சிக்கல். ரயில் ஒருவருடையது, சாப்பாடு போட்டவர் வேறொருவர். வடக்கே ஈஸ்ட் இந்தியன் ரயிலில் கெல்னர் கம்பெனி. தெற்கே ஸ்பென்சர் கம்பெனி ரயில் உணவகங்களை நடத்தியது. மெட்ராஸின் கன்னிமாரா ஹோட்டலும் 1891 முதல் பல வருஷம் அவர்கள் கையில்தான் இருந்தது. ஆகவே ரயில் பெயரே இல்லாமல் உணவு ஒப்பந்தக்காரர் பெயர் மட்டும் இருக்கும் சாமானும் ரயிலில் ஓடியிருக்கலாம், ஹோட்டலிலும் இருந்திருக்கலாம். சாமானின் வகை இங்கே கொஞ்சம் உதவும். அடி அகன்று, உயரம் குறைந்து, மூடி கீலோடு சேர்ந்த ஜாடி என்றால் ஆடுகிற மேஜைக்குச் செய்தது என்று நினைக்க இடமுண்டு. அது ஊகத்துக்கு வலு சேர்க்கும், அவ்வளவுதான். அதை மட்டும் வைத்து முடிவு கட்ட மாட்டேன்.

எழுத்து உண்மையா, பிறகு வெட்டிச் சேர்த்ததா என்பதை எப்படிப் பார்ப்பது? இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். பத்து மடங்கு பெரிதாக்கும் நகைக்கடை லென்ஸ் ஒன்று போதும். வெளிச்சத்தைப் பக்கவாட்டில் வையுங்கள். தொழிற்சாலையில் முலாமுக்கு முன் அச்சால் அடித்த எழுத்து என்றால், பள்ளத்தின் அடியிலும் வெள்ளி படர்ந்திருக்கும். வெளியே தேய்ந்துபோன இடத்தில்கூட எழுத்துக்குள் வெள்ளையாகத் தங்கியிருக்கும். விளிம்புகள் சுற்றியுள்ள கீறல்களோடு சேர்ந்து மழுங்கியிருக்கும். நேற்று வெட்டிய எழுத்து என்றால் பள்ளத்தில் ஜெர்மன் சில்வரின் மஞ்சள் கலந்த சாம்பல் நிறம் தெரியும். பழைய கீறல் ஒன்று எழுத்தின் மேல் ஏறிப் போகிறதா, அல்லது எழுத்து அந்தக் கீறலை அறுத்துக்கொண்டு போகிறதா என்று பாருங்கள். எழுத்து கீறலை அறுத்தால் எழுத்துதான் பிந்தியது. முலாமுக்குப் பிறகு கையால் வெட்டிய அசல் ஹோட்டல் பெயர்களும் உண்டு. ஆனால் அவற்றின் பள்ளமும் வருஷக்கணக்கில் கறுத்து, விளிம்பு மழுங்கியிருக்கும். ஒயிட் ஸ்டார் கப்பல் கம்பெனியின் நட்சத்திரக் கொடி போட்டது என்று விலை சொன்னால் இந்தச் சோதனையைச் செய்யாமல் காசை எடுக்காதீர்கள். அந்தக் கம்பெனியின் டைட்டானிக் கப்பலுக்கு முலாம் சாமான் கொடுத்தது எல்கிங்டன் என்பது ஊரறிந்த செய்தி. அதனாலேயே எல்கிங்டனின் சாதாரணக் கரண்டியில் கொடியை வெட்டிச் சேர்க்கும் வேலையும் நடக்கிறது.

தேய்மானமும் பேசும். மேஜையில் கரண்டி படுக்கும்போது இரண்டே இடம்தான் தொடும்: கிண்ணத்தின் அடிவயிறும் காம்பின் நுனியும். முலாம் முதலில் போவது அங்கேதான். அமெரிக்கக் கம்பெனிகள் சில அந்த இடங்களில் மட்டும் கூடுதலாக வெள்ளி பூசியது இதனால்தான். கிண்ணத்தின் நுனி ஒருபக்கமாகச் சாய்ந்து தேய்ந்திருந்தால், வருஷக்கணக்கில் வலது கைக்காரர்கள் தட்டைச் சுரண்டிய கரண்டி அது. தேய்ந்த இடத்தின் நிறத்தையும் பாருங்கள். சிவப்பென்றால் அடியில் செம்பு. மங்கிய மஞ்சள் சாம்பல் என்றால் ஜெர்மன் சில்வர். ஈயம் போலக் கறுத்து மெத்தென்று இருந்தால் வெள்ளீயக் கலவையான பிரிட்டானியா உலோகம். பிரிட்டானியா சீக்கிரம் நசுங்கும். ஹோட்டலின் முரட்டு உபயோகத்துக்கு ஜெர்மன் சில்வர்தான் தாங்கும். சாமான் எங்கும் தேயாமல் பளபளவென்று, முத்திரை மட்டும் மழுங்கியிருந்தால் மறுமுலாம் போட்டது. அது குற்றமில்லை, ஹோட்டலே போட்டிருக்கலாம்.

என்னிடம் ஒரு ஷெஃபீல்டு டீ ஜாடி இருக்கிறது. ஒரு பக்கம் ஏதோ ஒரு கிளப்பின் பின்னல் எழுத்து, அரைகுறையாகத் தேய்ந்தது. மூடியின் உள்ளே திருப்பிப் பார்த்தால் புள்ளி புள்ளியாக ‘மு. ரா.’ என்று தமிழில் பேர் வெட்டியிருக்கிறது, கல்யாணச் சீர்ப் பாத்திரத்தில் வெட்டுவது போலவே. கிளப் ஏலம் போட்டபோது யாரோ வாங்கி, வீட்டுக்குக் கொண்டுபோய், பாத்திரக் கடைக்காரரிடம் கொடுத்துத் தன் பெயரைப் போட்டுக்கொண்டிருக்கிறார். அந்த இரண்டெழுத்தை மெருகு போட்டு அழித்தால் ‘சுத்தமான’ பொருளாக நல்ல விலை போகும் என்று ஒரு வியாபாரி சொன்னார். நான் ஒப்பவில்லை. அந்த ஜாடியின் பூர்வீகத்தில் அந்த வீடும் ஒரு பாதி.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. பல வருஷத்துக்கு முன் ரொட்டி அடுக்கும் தாங்கி ஒன்றை, கறுத்திருக்கிறதே என்று ஒரு பாலிஷ் பட்டறையில் கொடுத்தேன். கைப்பிடி வளையத்தில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு சின்னம் இருந்தது. திரும்பி வந்ததும் படிக்கலாம் என்று இருந்துவிட்டேன். வந்தபோது கண்ணாடி மாதிரி மின்னியது, வளையம் வழவழவென்று இருந்தது. அது எந்த ஊர்ச் சாமான் என்பது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. அதிலிருந்து எந்தச் சாமான் வந்தாலும் முதல் வேலை எழுத்தைப் படி எடுப்பதுதான். கல்வெட்டுக்கு மைப்படி எடுக்கிற மாதிரிதான்: மெல்லிய தாளை எழுத்தின் மேல் இறுக்கிப் பிடித்து, மென்மையான பென்சிலைப் படுக்கவைத்து உரசினால் கண்ணுக்குத் தெரியாத கோடுகூடத் தாளில் எழும்பும். அப்புறம்தான் சுத்தம் செய்வது. அதுவும் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரும் பருத்தித் துணியும் போதும். பூஜைச் சாமானுக்குப் போடும் விபூதியும் பற்பசையும் இதற்கு வேண்டாம். சாமி விளக்கு கெட்டி வெள்ளி, தாங்கும். இது மெல்லிய முலாம்.

அண்ணன் கொண்டுவந்த ஜாடிக்கு வருகிறேன். ‘சில்வர் சால்டர்டு’ என்பதை ‘வெள்ளி’ என்று படிக்கக் கூடாது. மூக்கையும் பிடியையும் உடம்போடு வெள்ளி கலந்த பற்றாசு வைத்து ஒட்டியிருக்கிறோம், சாதாரண ஈயப் பற்றாசு இல்லை, அடித்துப் புழங்கினாலும் கழன்றுவராது என்று ஹோட்டல்காரருக்குச் சொல்லும் உத்தரவாதம் அது. ஆகவே அந்தச் சொல் இருந்தாலே அது வீட்டுக்குச் செய்ததில்லை, ஹோட்டல் வகை என்று எடுத்துக்கொள்ளலாம். 10 அவுன்ஸ் என்பது கொள்ளளவு. வெள்ளியின் எடை என்று யாராவது சொன்னால் தண்ணீர் ஊற்றி அளந்து காட்டுங்கள். இன்டர்நேஷனல் சில்வர் கம்பெனி, கனெக்டிகட் மாநிலத்தின் மெரிடன் ஊரில், பல சின்னக் கம்பெனிகள் ஒன்றுசேர்ந்து 1898-இல் உருவானது. ஜாடி அதற்கு முந்தியதில்லை. அடியில் நீண்ட வரிசை எண்ணுக்குப் பக்கத்தில் தனியாக இரண்டு இலக்கம் இருந்தால் அது வருஷமாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. உரிமையாளர் பெயரை அமெரிக்காவில் சிலர் உடம்பின் பக்கத்தில் சின்னமாக அடித்தார்கள், சிலர் அடியில் மட்டும் அடித்தார்கள். ரயில் சாமான் சேர்ப்பவர்கள் மேலே அடித்ததற்குத்தான் கூடுதல் விலை கொடுப்பார்கள். ரயில் பெட்டிக் கம்பெனியான புல்மன் என்றோ, ரயில் நிலைய உணவகங்களை நடத்திய ஃப்ரெட் ஹார்வி என்றோ ஒரு பெயர் இருந்திருந்தால் நீங்களே சொல்லியிருப்பீர்கள். மூடியின் உட்புறம், கைப்பிடியின் அடி வேர், கீலின் பின்பக்கம் மூன்றையும் ஒரு தடவை பாருங்கள். அங்கேயும் இல்லையென்றால் அது ஏதோ ஓர் அமெரிக்க ஹோட்டலின் ஜாடி என்பதோடு நிறுத்திக்கொள்வதுதான் நேர்மை. அண்ணன் அதை எந்த ஊரில், யார் வீட்டு விற்பனையில் வாங்கினார் என்று கேட்டு ஒரு சீட்டில் எழுதி ஜாடிக்குள் போட்டுவையுங்கள்.

முள்கரண்டிதான் என்னை இரண்டு நாளாக யோசிக்கவைக்கிறது. எஸ்.ஆர். என்றால் எனக்கு உடனே தோன்றுவது இரண்டு சதர்ன் ரயில்வே. இங்கிலாந்தில் 1923 முதல் 1947 வரை இருந்தது ஒன்று. மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா, சவுத் இந்தியன், மைசூர் ரயில்களை இணைத்து 1951 ஏப்ரல் 14-இல் பிறந்த நம் தெற்கு ரயில்வே இன்னொன்று. திருச்சியில் வாங்கியதால் நம்முடையதுதான் என்று சொல்ல ஆசை வரும். பழைய சாமான் ஊர் விட்டு ஊர் போகும் என்பதால் அதை மட்டும் நம்ப முடியாது.

ஆனால் நீங்கள் அனுப்பிய படத்தில் ஒன்றைக் கவனித்தேன். எஸ்-க்கும் ஆர்-க்கும் நடுவே இடைவெளி கொஞ்சம் அதிகம். இரண்டெழுத்தை அடிக்கிறவர் இவ்வளவு தள்ளி அடிக்க மாட்டார். காம்பின் நடுவில் மேடு ஓடுகிறது, முதலில் தேய்வது அந்த மேடுதான். அங்கே ஓர் ‘ஐ’ இருந்து அழிந்துபோயிருந்தால், அது திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த சவுத் இந்தியன் ரயில்வே. அப்படியென்றால் உங்கள் முள்கரண்டி ஷெஃபீல்டில் பிறந்து, தன் சொந்த ஊர்க் கடையிலேயே உங்களுக்குக் கிடைத்திருக்கிறது. தேய்க்காமல், துடைக்காமல், பென்சில் படி ஒன்று எடுங்கள். இரண்டெழுத்துக்கும் நடுவில் செங்குத்தாக ஒரு கோடு எழும்புகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.